மலைச்சரிவிலிருந்து கடற்கரை வரை

விடுமுறை என்றவுடன் சிலருடைய உள்ளம் மலையை நாடும். வேறு சிலருடைய உள்ளம் கடலை நாடும். இலங்கையில் வாழ்வோர் இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. ஊவா மலைச்சரிவிலே ஒரு சிறு வீட்டில் தங்கி, விடியலில் பனிமூட்டத்தைக் கண்டவர், அன்று பிற்பகலே கிழக்குக் கரையின் அலையில் கால் நனைக்கலாம். கொழும்பிலிருந்து புறப்படும் ஏ4 நெடுஞ்சாலை இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பெரகலைக்கு ஏறிக் கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. பின்னர் மொனராகலை வழியே சென்று பொத்துவிலில் கடலைக் காண்கின்றது. மலையும் கடலும் ஒரே சாலையின் இரு முனைகள் போல அமைந்துள்ளன.

இப்பயணத்துக்கு உகந்த காலம் எது? மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை பொழியும்போது ஊவாவிலும் கீழ்க்கரையிலும் கச்சான் காற்று வீசும், வானம் வெளித்திருக்கும். ஆகவே வைகாசி முதல் ஆவணி வரையுள்ள மாதங்கள் நல்லவை. ஐப்பசி பிறந்தால் வடகீழ்ப் பருவமழை தொடங்கும். அப்போது மலைச்சாலையும் கடலும் ஒருங்கே சீறும். பயணத்தை அக்காலத்தில் தவிர்ப்பதே அறிவுடைமை.

மலையில் தங்குவோர்க்கு இன்று பழைய துரைமார் பங்களாக்கள் சில விடுதிகளாகத் திறந்திருக்கின்றன. அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல முதலிய ஊர்களிலே குடும்பத்தினர் தம் இல்லத்தின் ஓர் அறையை விருந்தினர்க்கு விடுவதும் உண்டு. எங்குத் தங்கினும் முதல் நாள் எங்கும் ஓடாதிருப்பது நன்று. விடியலிலே எழுந்து முற்றத்தில் நின்றால், தப்பொலியோ சங்கொலியோ கேட்கலாம். கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் பெரட்டுக்களத்தை நோக்கி நடப்பதைக் காணலாம். இரண்டு இலையும் ஓர் அரும்புமாக அவர்கள் கொய்யும் கொழுந்தே மாலையில் ஆலைக்குப் போகின்றது. அங்கே அது வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றது. கச்சான் வீசும் ஆடி ஆவணி மாதங்களிலேதான் ஊவாத் தேயிலை தன் தனி மணத்தைப் பெறுகின்றது. காற்றும் வெயிலும் இலையில் செய்யும் வேலை அது. இதனை நேரிற் கண்ட பிள்ளைக்குப் புவியியற் பாடம் பின்பு எளிதாகும்.

தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் குன்றின் உச்சி அவர் பெயராலேயே வழங்குகின்றது. தம்பேதன்னைத் தோட்டத்தின் ஊடாக விடியலிலே நடந்து ஏறினால், முகில் மூடுமுன் தெற்கே தாழ்நிலம் விரிந்து கிடப்பதைக் காணலாம். மிகத் தெளிந்த நாளில் கடலின் கோடும் தென்படும். ஊரினின்று சிறிது தொலைவில் அடிசம் என்னும் கல்மாளிகை இருக்கின்றது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய இம்மாளிகை இன்று ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடமாக விளங்குகின்றது. அவர்கள் செய்யும் பழப்பாகு பெயர்பெற்றது.

இருப்புப்பாதையில் ஆர்வமுள்ளோர் எல்லவிலிருந்து தெமோதரைக்கு நடக்கலாம். கல்லாலும் செங்கல்லாலும் ஒன்பது வளைவுகளாக எழுந்துள்ள பாலம் 1921இல் நிறைவெய்தியது. 1893இல் அப்புத்தளையை அடைந்த இருப்புப்பாதை பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இலேதான். இவ்விரு ஊர்களுக்கிடையே முப்பது ஆண்டு கழிந்ததென்றால், அம்மலை எத்துணைக் கடினமானது என்பது விளங்கும்.

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய செல்லும் வழியில் தியலும அருவி 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கின்றது. இலங்கையின் அருவிகளுள் உயரத்தால் இரண்டாவது இதுவே. இதன் நீர் கிரிந்தி ஓயாவைச் சேர்ந்து, தெற்கே கடலில் கலக்கின்றது. அருவியின் தலைப்பிலே இயற்கைக் குளங்கள் உள்ளன. மேலே மழை பெய்தால் நொடிப்பொழுதில் நீர் பெருகுமாதலின், ஊரார் வேண்டாமென்று சொல்லும் நாளில் அங்கே இறங்கலாகாது.

ஊரார் சொல்லைக் கேட்டல் என்பது இப்பயணத்தில் வெறும் மரியாதை அன்று. அதன் பொருளை உணர, அருவிக்குப் போகும் அதே சாலையில், கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பல நாள் மழைக்குப் பின், மலைச்சரிவு பிளந்து இறங்கியது. லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் மறைந்தன. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்நேரத்தில் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். அவர்களுள் சிலர்க்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, எதிர்கொள்ளப் பெற்றோரும் இல்லை. அந்நிலம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்த பின்னும் அவர்கள் அங்கேயே இருந்தனர். ஏனெனில் போக வேறு நிலம் அவர்களுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக மலையைப் பசுமையாக்கியவர்களுக்கு அம்மலையில் ஒரு பிடி மண் சொந்தமாக இருந்ததில்லை. பிழைத்தோர்க்கு மக்கல்தெனியவிலே புதிய வீடுகள் 2016இலே கையளிக்கப்பட்டன. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்திலே மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின.

இன்பப் பயணத்தினிடையே துன்பக் கதை எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். பங்களாவின் சாளரத்தினூடே பார்ப்பவர்க்கு மலை ஓர் ஓவியம். அதே சரிவில் லயத்தில் உறங்குபவர்க்கு அது மழையிரவில் காது கொடுத்துக் கேட்க வேண்டிய ஓர் உயிர். இவ்விரண்டு பார்வையும் ஒருங்கே அமையாத விடுமுறை அரைகுறை விடுமுறையே. தங்கவந்தவர் காட்சிக்கு விருந்தினர் அல்லர். அங்கு வாழும் மக்களுக்கு விருந்தினர்.

விருந்தினர்க்குரிய ஒழுக்கமும் உண்டு. லயத்து வாசலில் நின்று கேளாமல் நிழற்படம் எடுத்தல் ஆகாது. எவர் வீட்டு வாசலும் காட்சிச்சாலை அன்று. ஒரு கோப்பைத் தேநீர் தந்தால் மறுக்காமல் வாங்கிக் குடித்து, இரண்டு வார்த்தை பேசியிருத்தல் நன்று. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் தெரிந்த முதியவர்கள் அங்கே இருப்பர். கேட்பார் இருந்தால் சொல்வார் உளர். வழிகாட்டியும் பழமும் ரொட்டியும் அவ்வூராரிடமே பெறுக. நிலத்தின் குறிகளையும் அவர்களிடமே கற்கலாம். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, ஓடிக்கொண்டிருந்து வற்றிய ஊற்று ஆகியவை மண் நகர்வதைச் சொல்லும் குறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகின்றது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும் என்பது பொருள். இதனை அறிந்த விருந்தினர் தாமும் பிழைப்பர், பிறரையும் எழுப்புவர்.

இனிக் கடலுக்கு இறங்கலாம். வெல்லவாயவுக்கு அருகே புதுருவகலையில் ஒரே பாறையில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நடுவிலுள்ள புத்தர் ஏறக்குறைய ஐம்பதடி உயரம். அங்கே சற்று இளைப்பாறிப் புறப்பட்டால் மாலைக்கு முன் பொத்துவிலை அடையலாம். அதன் தெற்கே அறுகம்குடா. சித்திரை முதல் ஐப்பசி வரை அலைச்சறுக்கு விளையாட்டுக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் இளைஞர் அங்கே வருகின்றனர். சறுக்கத் தெரியாதவர்க்கும் வேலை உண்டு. காலையில் கரைவலை இழுப்போருடன் நின்று பார்க்கலாம். பொத்துவில் களப்பிலே தோணியேறிக் கண்டல் மரங்களினூடே செல்லலாம். பாணமை கடந்து குமுனைச் சரணாலயத்தில் நீர்ப்பறவைகளைக் காணலாம். வழியிலே கடலோரக் குன்றின் அடியில் உகந்தை முருகன் கோயில் இருக்கின்றது. வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரிகர் ஆடி விழாவை முன்னிட்டு இங்கே தங்கிக் காட்டுக்குள் நுழைவர். அவர்களுடன் ஒரு நாழிகை அமர்ந்திருத்தலும் விடுமுறையின் பேறே.

இக்கரைக்கும் ஒரு நினைவு நாள் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையிலும் ஏறி வீடுகளையும் உயிர்களையும் வாரிச் சென்றது. இன்று உணவு பரிமாறும் இளைஞரின் தாய் தந்தையர் அன்று எதனை இழந்தனர் என்பதை விருந்தினர் அறியார். நிலம் நடுங்கினாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலும் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருதல் கடலாட வருவோர் கடமை. பொழுதுபோக்காக இறங்குவோர் உள்ளூர் மீனவர் காட்டும் இடத்திலேயே குளித்தல் வேண்டும். மலையில் கொழுந்து கொய்பவர் சொல்லும் சொல்லும், கரையில் வலை இழுப்பவர் சொல்லும் சொல்லும் ஒன்றே: இடத்தை அறிந்தவரைக் கேட்டு நட.

வீடு திரும்பும் பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அதில் அருவியின் உயரத்தையும் பாலத்தின் ஆண்டையும் எழுதட்டும். அடுத்த பக்கத்திலே, வழியிற் சந்தித்தவர்களின் பெயர்களையும் எழுதட்டும். மழைக்காலம் வந்து வானொலியில் ஊவாவுக்கு எச்சரிக்கை என்னும் செய்தி கேட்கும்போது, அது எங்கோ ஒரு மாவட்டத்தின் செய்தியாக இராமல், தேநீர் தந்த ஒரு வீட்டின் செய்தியாக அவர்கள் செவியில் விழுமானால், அந்த விடுமுறை நன்றாகக் கழிந்தது என்று கொள்ளலாம்.