வாங்கியதைக் காட்டும் ஞாயிற்றுக்கிழமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

அஞ்சல் தலை சேர்ப்போரின் சார்பில் பத்து நிமிடம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவிலே, உறையில் ஒட்டிய தாள் துண்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அந்தத் தாள் துண்டைச் சுற்றி நம் காலனியில் ஒரு சிறு குடும்பம் வளர்ந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தின் செய்தியைச் சொல்லவே வந்தேன்.

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை சங்க நூலக அறையில் பத்துப் பன்னிருவர் கூடுகிறோம். ஓய்வு பெற்றவர்கள் சிலர், அலுவலகம் செல்வோர் சிலர், இல்லத்தரசியர் இருவர், மற்றவர் பள்ளிப் பிள்ளைகள். நிகழ்ச்சி நிரல் ஒன்றே ஒன்று: சென்ற மாதம் கிடைத்ததை மேசைமேல் வைக்க வேண்டும். விலைக்கு வாங்கியதானாலும் சரி, உறவினர் அனுப்பியதானாலும் சரி, அலுவலகக் குப்பைக் கூடையில் கண்டெடுத்ததானாலும் சரி. முறுக்கும் காப்பியும் வீட்டு முறை வைத்து வரும். எண்ணெய்க் கை தலைக்குப் பகை. ஆதலால் பலகாரத்திற்கு ஒரு மேசை, ஆல்பத்திற்கு வேறொரு மேசை. இடுக்கியின்றி எவரும் எதையும் தொடலாகாது என்பது சட்டம்.

மேசைக்கு வருபவை பலவகை. அஞ்சல் துறையில் முன்பணம் கட்டிக் கணக்கு வைத்திருக்கும் அன்பர் ஒருவர், புதிதாக வெளியாகும் தலைகளை வீட்டிலிருந்தபடியே பெறுகிறார். ஓர் அம்மையார் தமிழகம் தொடர்பான தலைகளை மட்டுமே சேர்க்கிறார். 1960 பிப்ரவரியில் வெளியான திருவள்ளுவர், அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான பாரதியார், 1962-இல் வெளியான கணித மேதை இராமானுஜன், 1972-இல் வெளியான கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. என்று அவர் ஆல்பத்தைப் புரட்டினால் பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றுப் பாடம் நடந்து முடிந்துவிடும். அவரே ஒருமுறை, காப்பி மணம் கமழுமாறு 2017-இல் அச்சிட்ட தலையைக் கொணர்ந்தார். எல்லோரும் முறை வைத்து முகர்ந்து பார்த்தோம். நம் வீட்டு டிகாக்ஷனுக்கு ஈடாகாது என்று மன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இந்தக் கலைக்கு நம் நாட்டில் நீண்ட மரபு உண்டு. பிரிட்டனில் 1840-இல் முதல் அஞ்சல் தலை பிறந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1852-இல், சிந்து மாகாணத்தில் அரையணாத் தலை வெளியாயிற்று. ஆசியக் கண்டத்துக்கே அது முதல் தலை. 1854-இல் நாடு முழுமைக்கும் பொதுவான தலைகள் வந்தன. விடுதலை பெற்ற பின், 1947 நவம்பர் 21-ஆம் நாள், மூவண்ணக் கொடி பொறித்த மூன்றரையணாத் தலை வெளிவந்தது. அதனை முதன்முதலாகக் கையில் வாங்கியவர்களின் உள்ளம் எவ்வாறு பூரித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அன்பர்களே, வாங்கியதைக் காட்டுவது இன்பமான செயல்தான். அந்த இன்பத்தின் அடியில் ஒரு முள்ளும் இருக்கிறது. ஒருநாள் உறுப்பினர் ஒருவர் 1948-இல் வெளியான காந்தியடிகள் தலைகளைக் கொண்டுவந்தார். ஒன்றரையணா, மூன்றரையணா, பன்னிரண்டணா, பத்து ரூபாய் ஆகிய நான்கும் கொண்ட முழு வரிசை. சுவிட்சர்லாந்தில் அச்சிட்டவை, பத்து ரூபாய்த் தலைக்கு இன்று விலை மிகுதி. எல்லோரும் வியந்தோம். அடுத்து ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் முறை. அவன் பையில் வைத்த கையை வெளியே எடுக்கவில்லை. “ஒன்றுமில்லை மாமா” என்றான்.

ஒன்றுமில்லாமலா வந்தான்? பிறகு மெல்லக் கேட்டபோது ஓர் உறையை எடுத்தான். நெல்லைச் சீமையின் சிற்றூரிலிருந்து அவன் பாட்டி எழுதிய கடிதத்தின் உறை. தலை சாதாரணமானது. ஆனால் அவ்வூர் அஞ்சலகத்தின் முத்திரை வட்டம் சிதையாமல், ஊர்ப்பெயரும் நாளும் ஐயமறப் படிக்கும்படி விழுந்திருந்தது. காந்தி வரிசையைக் கொண்டுவந்த அந்த அன்பரே பூதக்கண்ணாடியை எடுத்து அதை நெடுநேரம் பார்த்தார். “தம்பி, என்னிடம் உள்ளதைப் பணம் இருந்தால் எவரும் வாங்கலாம். இதை உன் பாட்டி உனக்கு மட்டுமே அனுப்ப முடியும்” என்றார்.

அன்று எழுந்தது ஒரு விவாதம். விலையைச் சொல்வதையே தடை செய்ய வேண்டும் என்றனர் சிலர். வசதி உள்ளவர் வீடும் இல்லாதவர் வீடும் ஒரே மேசையில் ஒப்புநோக்கப்படுவதை அவர்கள் விரும்பவில்லை. விலையை மறைத்தால் புதியவர்கள் ஏமாறுவார்கள் என்றனர் மற்றவர். அதிலும் உண்மை உண்டு. பத்து ரூபாய்க் காந்தித் தலைக்குப் போலிகள் உலவுகின்றன. துளைவரியையும் அச்சின் நேர்த்தியையும் பூதக்கண்ணாடியால் ஆராயாமல் வாங்குவது தவறு. கடைகளில் கட்டுக் கட்டாக விற்கும் பளபளப்பான வெளிநாட்டுத் தலைகளிலும் சூது உண்டு. 1960-களில் அரபு நாட்டுச் சிற்றரசுகள் சில, சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே ஏராளமாக அச்சிட்டுக் குவித்தன. அவற்றுட் பல ஒரு கடிதத்தைக்கூடச் சுமந்ததில்லை.

முடிவில் இரு சாராரும் ஒரு வழிக்கு வந்தோம். பொருளை வைப்பவர், அது எங்கிருந்து வந்தது, ஏன் பிடித்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். விலையைக் கேட்டால் மறைக்கக்கூடாது. கேளாமல் சொல்லவும் கூடாது. இரண்டு இருப்பவர் ஒன்றைப் பிள்ளைகளின் பெட்டியில் போட வேண்டும். வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் அல்லவா? நம் சிறிய மேசையிலும் அதற்கு இடம் உண்டு.

இன்னொரு செய்தி. இது தலை சேர்க்காத குடும்பங்களுக்கும் உரியது. சென்ற கோடையில் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த ஒரு வீட்டில், மறைந்த மாமியாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து, கம்பியில் குத்திய பழங்கடிதங்கள் வெளிவந்தன. பழைய காகிதக்காரர் தராசோடு வாசலில் நின்றார். “தலைகளையாவது பிள்ளைகள் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்” என்று அவ்வீட்டு மருமகள் கட்டினை நம் கூட்டத்திற்கு அனுப்பினார். பிள்ளைகள் கத்தரிக்கோலோடு பாய்ந்தனர். மூத்த உறுப்பினர் கையமர்த்தி, வெட்டுவதற்கு முன் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

தலையில் நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட வெளியீடு. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. ஊரில் குத்திய முத்திரை ஒருபுறம், டில்லியில் குத்திய முத்திரை மறுபுறம். இரண்டையும் கழித்துப் பார்த்தால் அம்மாவின் சொல் மகனை வந்தடைய எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் மங்கலச் செய்தி. வெட்டிய தலை ஆல்பத்தின் ஒரு கட்டத்தை நிரப்பும். வெட்டாத உறை ஒரு குடும்பம் இந்நகருக்கு வந்து வேரூன்றிய கதையைச் சொல்லும். பிள்ளைகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தனர்.

கட்டு முழுமையாக அந்த வீட்டுக்கே திரும்பிற்று. உறைகள் சிலவற்றைக் காட்சிக்குத் தந்தார்கள். உள்ளிருந்த கடிதங்களை நாங்கள் படிக்கவில்லை. அவை அவர்களுடைய குடும்பச் சொத்து. அவற்றை அந்த அம்மையார் இப்போது தம் பேத்திக்குப் படித்துக் காட்டுகிறாராம். பார்த்தறியாத கொள்ளுப்பாட்டியின் கையெழுத்தில் அக்குழந்தை தமிழ் எழுத்துக் கூட்டுகிறாள்.

ஆதலால் என் வேண்டுகோள் மூன்று. வீடு மாறும்போது பழங்கடிதங்களை எடைக்குப் போடாதீர்கள். காட்ட மனமிருந்தால் எங்களிடம் காட்டுங்கள். கூலர் ஓடும் அறையில் ஆல்பத்தை வைக்காதீர்கள்; ஈரம் பட்டால் பசை இளகித் தலைகள் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளை ஒருமுறை டாக் பவனில் உள்ள தேசிய அஞ்சல் தலை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்; 1968 முதல் இந்நகரில் இருக்கும் செல்வத்தை நம்முள் பலர் கண்டதில்லை.

கடிதம் எழுதும் வழக்கம் அருகிவருகிறது. தந்தி 2013-இல் விடைபெற்றது. பதிவு அஞ்சல் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைந்தது. ஊரிலிருந்து பெற்றோர் கைப்பட எழுதும் கடிதம் இனிப் பல வீடுகளுக்கு வாராது. வந்தவற்றையேனும் காப்போம். வரும் இரண்டாம் ஞாயிறன்று மாலை ஐந்து மணிக்கு நூலக அறை திறந்திருக்கும். தலை இல்லாவிட்டாலும் வாருங்கள், முறுக்கு இருக்கும்.