பாட்டா தட்டில் மீன் எங்கே?

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டி ஓய்ந்த பாட்டாக்களிடம், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு துண்டு மரச்சீனி, ஒரு கட்டஞ்சாயா. வயசாச்சுல்லா, இது போரும்" என்பார்கள். வயதானால் தீனி குறையத்தான் செய்யும். ஆனால் குறைவது கிழங்கல்ல, மீனும் பயறும்தான்.

1880களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் பரப்பிய இந்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வயிறு நிறைக்கும். 100 கிராமில் புரதம் என்று பார்த்தால் சுமார் 1 கிராம். அதே எடைச் சாளை மீனில் 20 கிராம் அளவுக்கு உண்டு. இன்னொன்று: மரச்சீனியில் கொஞ்சம் சயனைடு இருக்கிறது. அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டுவது அதற்காகத்தான். மிஞ்சும் துளியை முறிக்க உடம்புக்குக் கந்தகம் வேண்டும். அது புரதத்திலிருந்துதான் வரவேண்டும். மீனில்லாத மரச்சீனி இரட்டை நட்டம்.

கோதையாற்று வெள்ளத்தை 1906 முதல் நம் பேச்சிப்பாறை அணை வாங்கி வைக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அப்படி வாங்கி வைப்பது தசை. புரதம் குறைந்தால் தசை வற்றும். அப்புறம் அதே இரண்டு துண்டு கிழங்குக்கே சர்க்கரை கரைபுரளும். சும்மா இருக்கையில் உடம்பு எரிக்கும் சக்தியும் குறையும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளும்.

புரதத்தைக் குறைத்த எலிகளுக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது என்று ஆய்வுகள் உண்டு; பொய்யில்லை. எலிக்கு மாடிப்படி ஏறவேண்டியதில்லை! மனிதர்களில், 2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு 50 வயதைத் தாண்டிய 6,000க்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தது. 65 வயதுவரை புரதம் குறைவாகத் தின்றவர்களிடையே சாவு குறைவு. 65ஐத் தாண்டியதும் கணக்கு தலைகீழாகிவிட்டது.

முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். 50 கிலோ பாட்டிக்கு 50, 60 கிராம். அதை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது. காலைக் கஞ்சிக்குச் சிறுபயறு, மத்தியானம் மீன், ராத்திரி ஒரு முட்டை என்று தொடங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் கூட்டக்கூடாது.

இன்று வீட்டில் சாளைக் கறி என்றால், முதல் இரண்டு மீனைப் பாட்டா தட்டில் வையுங்கள். பல் போனவரால் முள்ளெடுக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள்.