சிங்கப்பூரில் காசில்லாத ஒரு நாள்

(சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோருக்காகச் சேத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகனையோ மகளையோ பார்க்க சிங்கப்பூர் போய்த் திரும்பினவங்ககிட்ட, "என்ன பார்த்தீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை மகன் கூட்டிட்டுப் போன இடங்களைச் சொல்வாங்க. மற்ற நாட்களில்? பன்னிரண்டாவது மாடி ஜன்னல்தான். வருகை அனுமதி பெரும்பாலும் முப்பது நாள் வரைக்கும் கிடைக்குது. அதுல நாலு ஞாயிறு போனா மிச்சம் இருபத்தாறு நாள். அவ்வளவும் டிவி முன்னாடியே கழியுது.

காரணம் பயம்னு பலர் நினைக்கிறாங்க. எனக்கென்னவோ கணக்குதான் காரணம்னு படுது. சிங்கப்பூர் டாலரை அங்க நம்ம ஆட்கள் வெள்ளின்னு சொல்வாங்க. ஒரு வெள்ளி நம்ம காசுல அறுபது ரூபாய்க்கு மேல. ஒரு டீயைப் பார்த்ததும் மனசு பெருக்கல் போட ஆரம்பிச்சுடும். "பிள்ளை ராப்பகலா உழைச்ச காசு, நாம ஏன் கரைக்கணும்?" என்று உள்ளேயே உட்கார்ந்துடுறோம். பிள்ளையும் வேலைக்குப் போன இடத்தில், "அம்மா தனியா இருக்குமே" என்று தவிச்சிட்டு இருக்கும்.

மகள் வேலைக்குப் போன ஒரு புதன்கிழமை, முந்தின நாள் வரை எந்தத் திட்டமும் இல்லாமல், நான் கிளம்பிட்டேன். கையில் மகள் கொடுத்த ரயில் அட்டை, தண்ணி பாட்டில், குடை, டப்பாவில் தயிர்சாதம். ரயிலுக்குத் தவிர வேற எதுக்கும் காசு கொடுக்கக்கூடாது என்பது மட்டும்தான் முடிவு. அங்கே ரயிலை எம்ஆர்டி என்பாங்க. அதில் நீல நிறத்தில் காட்டியிருக்கும் டவுன்டவுன் பாதை ஒன்றே எனக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது.

முதலில் பொட்டானிக் கார்டன்ஸ் நிலையம். அந்தத் தோட்டத்தை அங்குள்ள தமிழர்கள் பூமலை என்கிறார்கள். நல்ல பெயர் இல்லையா? 1859-இல் தொடங்கிய தோட்டம், 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமானது. காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு வரை இருக்கும். உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். மற்றபடி எங்கே வேணும்னாலும் நடக்கலாம், புல்தரையில் உட்காரலாம்.

நம்ம ஆட்கள் அங்கே போய் நின்று பார்க்க வேண்டியது ரப்பர் மரத்தை. செங்கோட்டையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போனால் ரப்பர் தோட்டங்கள் வருமே, அதே மரம்தான். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் இங்கே வந்தன. 1888-இல் இயக்குநராக வந்த ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். யாரும் ரப்பர் போட முன்வராத காலம் அது. பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லிக்கொண்டே இருந்ததால், பைத்தியக்கார ரிட்லி என்றே அவருக்குப் பெயர் விழுந்தது. பிறகு மலாயா முழுக்க ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்ட யார் போனாங்க? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறிய நம்ம ஜனங்கதான். மலாயாவுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைப் பற்றி உங்க வீட்டில் கதை இருந்தால், அந்தக் கதையின் வேரில் ஒன்று இந்தத் தோட்டத்தில் இருக்கு. நான் அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தயிர்சாதமும் அங்கேதான் முடிந்தது.

மதிய வெயிலுக்கு, அதே நீலப் பாதையில் பூகிஸ் நிலையம். பக்கத்திலேயே விக்டோரியா தெருவில் தேசிய நூலகம், பதினாறு மாடி. ஏழாவது மாடியிலிருந்து மேலே இருப்பது மேற்கோள் நூலகம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். உறுப்பினர் அட்டை வேணாம். தமிழ் அங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, அதனால் தமிழ்ப் புத்தகங்களுக்கும் இடம் இருக்கு. குளிரூட்டிய அறை, சுத்தமான கழிப்பறை, குடிக்கத் தண்ணீர். குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம்கிறதை என் மகள் நாலு தடவை சொன்ன பிறகுதான் நம்பினேன்.

சாயங்காலம் பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி, கரையோரப் பூந்தோட்டங்கள் வழியாக மரினா அணைக்கட்டு வரைக்கும் நடந்தேன். நிதானமாக நடந்தால் அரை மணி நேரம். நம்ம சாஸ்தா கோவில் அணையைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மலைத்தண்ணியை மறிச்ச அணை நம்மளோடது. இதுவோ கடல் வாயிலேயே கட்டினது. 2008-இல் திறந்தார்கள். 350 மீட்டர் நீளம், ஒன்பது மதகு. உள்பக்கம் நல்ல தண்ணி, வெளிப்பக்கம் உப்புத் தண்ணி. பெருமழை பெய்யும்போது கடல் வத்தமாக இருந்தால் மதகைத் திறந்துவிடுவாங்க. ஏத்தமாக இருந்தால் ராட்சத பம்புகள் தண்ணியை இறைத்துக் கடலில் தள்ளும். ஊருக்குள் வெள்ளம் ஏறாது, குடிக்கவும் தண்ணி சேரும். கண்மாய்ப் பாசனத்துக்காரர் யாராவது கூட வந்திருந்தால் இருட்டும் வரை அங்கிருந்து கிளப்பியிருக்க முடியாது. கூரை மேல் புல்வெளி. பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருட்டியதும் வந்த வழியே திரும்பினால், 25 முதல் 50 மீட்டர் உயரத்தில் இரும்பால் கட்டிய சூப்பர் மரங்கள். தினமும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் பாட்டோடு விளக்கு விளையாட்டு, கால் மணி நேரம், இலவசம். மரங்களுக்கு நடுவில் இருக்கும் உயரப் பாலத்துக்கும் கண்ணாடிக் கூடங்களுக்கும்தான் கட்டணம். கீழே தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறதுதான் அழகு, எல்லாரும் அப்படித்தான் படுத்திருந்தார்கள். பராமரிப்புக்காகச் சில நாள் நிறுத்துவதுண்டு. போகும் முன் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கோங்க.

இப்போ கைபேசி விஷயத்துக்கு வர்றேன். அங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி ஆறு இலக்க அஞ்சல் எண் உண்டு. பிள்ளை வீட்டு எண்ணை எழுதி வெச்சுக்கோங்க. வரைபடச் செயலியில் அந்த எண்ணைப் போட்டாலே வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும். சிங்கப்பூர் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்கிக்கொண்டால் வெளியில் நெட் இல்லாட்டியும் கவலையில்லை.

எம்ஆர்டிக்குள் எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை. காசில்லாத நாள் முப்பதாயிரத்தில் முடிஞ்சிடும்! மெல்லும் புகையிலையை ஊருக்குள்ளேயே விடமாட்டாங்க. வெற்றிலைப் பெட்டியில் இருந்தால் இங்கேயே எடுத்து வெச்சிடுங்க.

கடைசியாக ஒன்று. நம்ம ஆட்கள் இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுத்து ஏமாறுவது பயணத்துக்கு முன்னாடியேதான். விசா தனி, அதுக்குக் கட்டணம் உண்டு. அது போக, சிங்கப்பூர் வருகை அட்டை என்று ஒன்று நிரப்பணும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்திலோ, மைஐசிஏ மொபைல் என்ற செயலியிலோ நிரப்பலாம். கூகுளில் தேடினால் அசல் மாதிரியே தோற்றத்தில் வேறு பக்கங்களும் வரும். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் வாங்கிட்டுக் கடைசியில் கார்டு எண் கேட்கும். காசு கேட்டதுமே அந்தப் பக்கத்தை மூடிடுங்க.

அடுத்த வாரம் பயணம் இருக்கிறவங்க ஃபோனோட முன்னாடி வாங்க, செயலியை ஏத்திக் காட்டுறேன்.