நான்காம் ஆண்டுச் சம்பளம்



தலைமையுரை ஆற்றுகிறவர் எல்லாக் கட்டுரைகளையும் ஒரு வரியாவது தொட்டுச் செல்ல வேண்டும் என்பது நம் கருத்தரங்குகளின் வழக்கம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். தொடத் தொடங்கினால் மதிய உணவு ஆறிவிடும். ஆகவே ஒன்றே ஒன்றைப் பேசி அமர்கிறேன். தனியார் அறக்கட்டளை ஒரு வட்டாரக் கலைப்பள்ளிக்கோ கல்லூரிக்கோ நூலகத்துக்கோ பணம் தருகிறது. எவ்வளவு தந்தது என்பதை விழா மலரே சொல்லிவிடும். எந்த வடிவில் தந்தது, எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது, எப்போது நின்றுபோகும் என்பதை அறிய வேண்டுமானால் அறக்கட்டளைப் பத்திரத்தையும் சம்பளப் பட்டியலையும் புரட்ட வேண்டும். நிறுவனத்தின் ஆயுள் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் துணிபு.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் சோழர் காலத்தில் 96 ஆடு விடுவார்கள். சில ஊர்களில் 90. ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும், கணக்கில் மட்டும் தலை குறையாது. கல்வெட்டு அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று குறித்தது. இன்று வைப்பு நிதி என்கிறோமே, முதலைத் தொடாமல் விளைவை மட்டும் எடுத்துச் செலவிடும் ஏற்பாடு, அதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எந்தத் தணிக்கையாளரும் எழுதவில்லை. கல்விக்கும் அப்படியே செய்தார்கள். எண்ணாயிரம் என்ற ஊரில் உள்ள ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, அங்கிருந்த வேதக் கல்லூரியின் 340 மாணவருக்கும் அவர்களுக்குப் பாடம் சொன்னவர்களுக்கும் நாளுக்கு எவ்வளவு நெல் என்று வகை பிரித்துச் சொல்கிறது. வாத்தியார் நாளை என்ன சாப்பிடுவார் என்ற கேள்விக்குக் கொடையாளன் முதலிலேயே விடை எழுதிவைத்தான். அங்கே யார் படித்தார்கள், யாருக்கு வாசல் அடைத்திருந்தது என்பது வேறு கேள்வி. அதையும் தவிர்க்கப் போவதில்லை.

பச்சையப்பர் விஷயத்துக்கு வருகிறேன். கும்பினி காலத்துச் சென்னையில் துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் மறைந்தார். சொத்தின் பெரும்பகுதியைக் கோயில் பணிக்கும் தருமத்துக்கும் உயில் எழுதிவைத்தார். பிறகு நடந்தது நமக்குப் பழக்கமான கதைதான்: சொத்து கை மாறியது, வழக்கு நீண்டது, தருமம் நின்றது. மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் வழக்கைத் தொடர்ந்து நடத்தியதால்தான் பணம் மீண்டது. அதற்குள் அது வளர்ந்தும் இருந்தது. கோயில் தருமங்களுக்கு ஒதுக்கியதுபோக எஞ்சிய உபரியில் 1842 ஜனவரியில் சென்னை நகரில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். உயில் எழுதியவர் இறந்து 48 ஆண்டுகள் கழித்து, அவர் கேட்காத ஆங்கிலக் கல்வி, அவர் பணத்தில் வந்தது. இதை நம்பிக்கை மோசடி என்று ஒருவர் எழுதலாம், நீதிமன்றத்தின் கொடை என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டுக்கும் சான்று உண்டு. நான் இரண்டாவது கட்சி.

அந்தப் பள்ளிதான் கல்லூரியாயிற்று. கணிதமேதை ராமானுஜன் அங்கே படித்துத் தேர்வில் தவறினார். அண்ணா அங்கே படித்துப் பட்டம் பெற்றார். இன்று சென்னை, காஞ்சிபுரம், கடலூர் என மூன்று ஊர்களில் ஆறு கல்லூரிகள் அந்த அறக்கட்டளையின் கீழ் இயங்குகின்றன. காலனி அரசு போய், மாகாணம் மாநிலமாகி, பணத்தின் மதிப்பு எத்தனையோ தடவை சரிந்த பிறகும் இது நிற்கிறதென்றால், முதலை யாரும் விழுங்க முடியாதபடி நீதிமன்றம் காவல் நின்றதே காரணம்.

ஆனால் வைப்பு நிதிக்கென்று ஒரு நோய் உண்டு. செத்தவர் கை உயிருள்ளவர் கழுத்தில் கிடக்கும். பச்சையப்பன் கல்லூரியில் 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தார்கள். நூறாண்டுக்கு மேல், அதே நகரத்தில், பக்கத்துத் தெரு முஸ்லிம் பிள்ளைக்கும் கிறித்தவப் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை. எண்ணாயிரத்து வேதக் கல்லூரியில் யார் நெல் வாங்கினார்கள் என்ற கேள்வியும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். நிரந்தரமாகக் கொடுக்கிறவர் தம் காலத்தின் விலக்குகளையும் சேர்த்தே நிரந்தரமாக்குகிறார். அறக்கட்டளை வரலாறு எழுதுகிற நம்மவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தாழ்த்த வேண்டாம்.

செட்டிநாட்டுக் கொடைகளைப் பற்றி இரண்டாம் அமர்வில் விரிவாகப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு வேறுபாட்டை மட்டும் சுட்டுகிறேன். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டார். தமிழிசைக்கு மேடையும் பாடத்திட்டமும் கிடைத்ததில் அந்தப் பணத்தின் பங்கை யாரும் மறுக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர் பொறுப்பு நிறுவனர் குடும்பத்திலேயே தொடர்ந்தது. 2013இல் நிதி நெருக்கடி முற்றியபோது அரசு தனிச் சட்டம் இயற்றி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அழகப்பச் செட்டியார் வேறு வழியில் போனார். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் நிறுவனம் திறந்தது. கொடுத்ததோடு கையை எடுத்துக்கொண்டார். சம்பளம் மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆய்வு மன்றத்தின் கணக்கில் ஏறியது. அவர் 1957இல் மறைந்தபோது அந்த ஆய்வுக்கூடத்தில் யாருடைய சம்பளமும் அவரை நம்பி இருக்கவில்லை. கொடையாளிகளில் இது அரிய குணம்.

இனி நம் காலம். ஃபோர்டு அறக்கட்டளை 1952இல் புதுதில்லியில் அலுவலகம் திறந்தது. தொடக்கத்தில் கிராம வளர்ச்சி. பின்னர் பண்பாடும் சேர்ந்தது. தென்னிந்திய நாட்டார் வழக்காற்றியலுக்கு அந்தப் பணம் செய்ததை இந்த அவையில் பலர் நேரில் அறிவீர்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும், உடுப்பி எம்.ஜி.எம். கல்லூரியிலும், 1997இல் சென்னையில் தொடங்கிய தேசிய நாட்டார் வழக்காற்றியல் உதவி மையத்திலும் ஒலிநாடாவும் ஒளிப்படமும் களப்பணிக் குறிப்பும் சேர்ந்தன. கதைப்பாடல், கூத்து, சிறுதெய்வம் எல்லாம் பட்டப்படிப்புக்கு உரிய பொருளாயின. ஆனால் வந்தது திட்ட நிதி. பதிவுக்கருவி வாங்கப் பணம் உண்டு, ஆய்வு உதவியாளருக்கு மூன்றாண்டுத் தொகுப்பூதியம் உண்டு, நிறைவு அறிக்கை உண்டு. நான்காம் ஆண்டில் நாடாக்களுக்குக் குளிர்சாதனம் ஓட்ட யார் மின்கட்டணம் கட்டுவது என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. மேடையில் பறையடித்தவருக்கு நிகழ்ச்சிக்கு ஒரு தொகை கிடைத்தது. அவர் மகனுக்குக் கற்றுக்கொடுக்க மாதச் சம்பளம் கிடைக்கவில்லை.

திட்ட நிதியை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்குக் கர்நாடகத்தின் ஹெக்கோடு ஒரு பாடம். சாகர் வட்டத்தில் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே 1949இல் தொடங்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு 1980களின் முற்பகுதியில் ஃபோர்டு பணத்தில் ஊர் ஊராக நாடகத்தையும் நல்ல திரைப்படத்தையும் கொண்டுபோனது. பணம் நின்றுபோகும் என்று அதன் நிறுவனர் கே.வி. சுப்பண்ணாவுக்குத் தெரியும். அந்த அலைச்சலில் உருவான பார்வையாளரை நம்பி 1985இல் திருகாட்ட என்ற பயணக் குழுவைத் தொடங்கினார். கன்னட நாட்டில் அது ஆண்டுதோறும் ஊர்களைச் சுற்றுகிறது. நிதியைக் கொண்டு பொருள் வாங்காமல் ஆட்களைச் சம்பாதித்த ஒரே வட்டார நிறுவனம் என்று சொல்ல ஆசை. ஒரே என்பதை நிரூபிக்க மாட்டேன். ஆசை மட்டும் இருக்கட்டும்.

இன்றைய நிலைமை இன்னும் இறுக்கம். அயல்நாட்டு நிதிச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடுத்தது. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த நகரத்து அறக்கட்டளையின் வழியாகத்தான் கிராமத்துக் குழுவுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. அந்த மடை அடைபட்டது. அடுத்து, 2013 நிறுவனச் சட்டத்தின் கீழ் வருகிற சமூகப் பொறுப்பு நிதி. மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காடு. கல்வியும் மரபுக் கலையும் பொது நூலகமும் அதன் அட்டவணையில் இருக்கின்றன, நல்லது. ஆனால் 2021 முதல் அதை எந்த அமைப்பின் வைப்பு நிதியிலும் போட முடியாது. தொடர் திட்டம் என்றால் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டு. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை. விளைவு என்ன? ஆலை இருக்கும் ஊருக்குப் பணம் வரும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வகுப்பறை எழும்பும். கூத்து செழித்த திருவண்ணாமலைச் சிற்றூருக்கு வருவது அருமை. வந்தாலும் ஆட்டைக் கொடுக்க முடியாது, நெய் மட்டும் அளக்கலாம், அதுவும் மூன்று வருஷம் என்று சட்டமே சொல்லிவிட்டது.

சட்டத்தை இயற்றியவர்களுக்கும் நியாயம் உண்டு. வைப்பு நிதி என்ற பெயரில் வேண்டியவர்களின் அறக்கட்டளையில் பணத்தைக் கிடத்திவைப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் களவைத் தடுக்கப் போட்ட வேலியில் வயலும் சுருங்கிவிட்டது. எஞ்சியிருப்பது தனிமனிதக் கொடை. சொந்தப் பணத்திலிருந்து வைப்பு நிதி கொடுக்க எந்தத் தடையும் இல்லை. லாபக் கணக்கில் 2 விழுக்காட்டை விளம்பரப் பலகையோடு கொடுக்கிற நம் செல்வர்கள், சொந்தக் கணக்கிலிருந்து ஒரு மிருதங்க ஆசிரியரின் ஆயுட்காலச் சம்பளத்துக்கு முதல் போட ஏன் தயங்குகிறார்கள்? கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம், சம்பளப் பட்டியலில் பொறிக்க முடியாது என்பதாலா? மூன்றாம் அமர்வுக்குக் கொடையாளர்கள் சிலர் வருவதாகச் சொன்னார்கள். அவர்களிடமே கேட்போம்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆராய்ந்த நிறுவனத்துக்கு நிதி கிடைத்த தேதியைச் சொல்லுங்கள். நின்ற தேதியையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அங்கே யார் வேலையில் இருந்தார், அவர் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு பத்தியாவது எழுதியிருந்தால் அதை முதலில் படியுங்கள். எழுதியிராவிட்டால், தொகுப்பு அச்சுக்குப் போவதற்குள் எழுதிச் சேர்த்துவிடுங்கள். ஒருவருக்கு இருபது நிமிடம். பச்சையப்பர் அறக்கட்டளை ஆவணங்களைப் பற்றிய கட்டுரையோடு முதல் அமர்வு தொடங்குகிறது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.