சின்ன மீன் வேறு, குஞ்சு மீன் வேறு

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், கடற்கரைக் குழுக்களின் மீன் விற்கும் உறுப்பினர்கள் சார்பில் பேசியது)



நாங்கள் விடியக்காலை ஏலத்தில் மீன் எடுத்து உங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வருகிறவர்கள். இன்றைக்கு நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ, நாளைக்கு ஏலத்தில் அதைத்தான் எடுப்போம். கேட்காத மீனை எடுத்தால் முதல் போய்விடும், உள்கடன் தவணை நின்றுவிடும். அதனால்தான் கடலைக் காப்பாற்றுகிற பேச்சை உங்களிடம் கொண்டு வந்திருக்கிறோம்.

சின்ன மீன் வாங்காதீங்க, கடல் அழியுது என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. நெத்திலி, சூடை, காரல் எல்லாம் பிறவியிலேயே சின்ன மீன். ஒரு வருஷத்துக்குள்ளேயே வளர்ந்து முட்டை விட்டுவிடும். முள்ளோடு சாப்பிடலாம், பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து. ஏழை வீட்டுக் குழம்பு என்று இதைக் கேட்கவே சிலர் கூச்சப்படுறீங்க. கூச்சமே வேண்டாம். கடலுக்கும் இதுதான் நல்லது.

குஞ்சு மீன் சமாச்சாரம் வேறு. வஞ்சிரத்தை எடுத்துக்குங்க, எங்கள் பக்கம் சீலா என்போம். அது ஏறக்குறைய ஒன்றரை முழம் வளர்ந்த பிறகுதான் முட்டை விடும். முக்கால் முழத்தில் பிடித்தால் அரைக் கிலோகூட நிற்காது. விட்டு வைத்தால் அதே மீன் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், முட்டையும் விட்டுவிட்டு வரும். மலிவாக் கிடைக்குதே என்று கூறு கட்டின குஞ்சை வாங்கும்போது, பிள்ளை பெறாத மீனைச் சட்டியில் போடுகிறோம்.

கேரளாவில் 58 வகை மீனுக்கும் சிப்பிக்கும் இந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று அரசே ஆணை போட்டிருக்கிறது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. சந்தையில் ஸ்கேலை யார் கொண்டு போவது? கட்டைவிரலோடு சேர்த்த உள்ளங்கை அகலத்துக்கு மேல் மத்தி, ஒரு சாண் அயிலை. இது போதும்.

இழுவைமடி அடிமண்ணோடு அரித்து வரும்போது இறாலோடு எல்லா மீனின் குஞ்சும் வருகிறது. விற்காத குஞ்சைச் சங்காயம் என்று தள்ளிக் காயவைத்து, கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். அதில் கிடப்பது நாளைக்கு எங்கள் கூடைக்கு வர வேண்டிய மீன்.

நண்டு வாங்கும்போது திருப்பிப் பாருங்க. வயிற்று மடிப்பில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டைக் கொத்து வெளியே தெரிந்தால் அது சினை நண்டு. ஒரு நண்டில் லட்சக்கணக்கான முட்டை. சினை நண்டுதான் ருசி என்று கேட்டு வாங்குகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீங்க, எங்களுக்குத் தெரியும்!

தடைக்காலமும் மீன் முட்டை விடுவதற்காகத்தான். 2001-ல் 45 நாளாகத் தொடங்கினது. 2017-லிருந்து நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போவதில்லை. நாட்டுப்படகு போகும். அந்த இரண்டு மாதமும் பெரிய மீனே வேண்டும் என்று நின்றால் வெளியூர் ஐஸ் மீனைத்தான் கொண்டு வர வேண்டும். நாட்டுப்படகு மீனை வாங்கினால் காசு நம் கரையிலேயே நிற்கும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீங்க. கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயலில் நடந்திருக்கிறது. அங்கே மட்டியை அளவில்லாமல் அள்ளி, 1990-களின் தொடக்கத்தில் வரத்து விழுந்துவிட்டது. பிறகு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை, வலைக்கண் சின்னதாக இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மட்டி திரும்பவும் பெருகியது. மட்டியை அவித்துச் சதை எடுக்கும் வேலை பெண்களுடையது, ஆக அவர்கள் பிழைப்பும் நின்றது. 2014-ல் எம்.எஸ்.சி. என்ற உலகச் சான்று அதற்குக் கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்று வாங்கின முதல் மீன்பிடிப்பு அதுதான். மூன்று மாதம் எடுக்காமல் இருப்பது அவர்களுக்கும் சும்மா இல்லை, அடுப்பு எரிய வேண்டுமே.

எங்களுக்கும் அப்படித்தான். குஞ்சு மீன் கூடையை நாங்கள் எடுக்காவிட்டால் பக்கத்தில் நிற்கும் வியாபாரி எடுப்பார், அவருக்கு விற்கும், எங்களுக்கு நஷ்டம். வாங்குகிற நீங்கள் வேண்டாம் என்றால்தான் அவரும் எடுக்க யோசிப்பார். ஆகவே அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசி, குஞ்சு மீனும் சினை நண்டும் வாங்குவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. எங்கள் குழுக்களும் அவற்றை ஏலத்தில் எடுப்பதில்லை என்று எழுதுகிறோம்.

தடைக்காலத்துக்கு நெத்திலிக் கருவாடும் சூடைக் கருவாடும் போடப் போகிறோம். எந்தக் குழுவுக்கு எத்தனை கிலோ என்று ஊக்குநரிடம் மார்ச் மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால், அதற்குத் தகுந்தபடி காய வைப்போம்.