இடது கை ஊதா, வலது கை பச்சை

நான்கு விரலுக்கும் ஒரே அறை, கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை. குளிர் நாடுகளில் ‘மிட்டன்’ எனப்படும் கம்பளிக் கையுறை இப்படித்தான் இருக்கும். விரல்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால், ஐந்து விரல் பிரிந்த கையுறையைவிட இதில் கதகதப்பு கூடுதல்.

இதைப் பின்னத் தானாகவே நிறம் மாறும் நூல் கிடைக்கிறது. ஜப்பானின் நோரோ நிறுவனம் இதில் பேர்போனது. அதன் ‘குரேயோன்’ நூலின் 50 கிராம் கண்டில் சுமார் 100 மீட்டர் கம்பளி. நூலை மாற்றாமலே, பின்னப் பின்ன அடுத்த நிறம் வந்து நிற்கும்.

ஒரே சாயத் தொகுதியில் ஓரிரு கண்டுகள் மிஞ்சினால் கடைக்காரர்கள் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். ஸ்வெட்டருக்கு அது காணாது. அடுத்த தொகுதியை வாங்கிச் சேர்த்தால் நிறம் லேசாகக் காட்டிக்கொடுத்துவிடும். கையுறைக்கு இரண்டு கண்டே தாராளம்!

வேடிக்கை இரண்டாவது கையில்தான். முதல் கண்டு ஊதாவில் தொடங்கியிருக்கும், அடுத்தது பச்சையில். ஜோடி பொருந்தியே ஆகவேண்டும் என்பவர்கள், ஊதா வரும்வரை நூலை உருவி ஒதுக்குவார்கள்.

கட்டைவிரலும் லேசுப்பட்டதல்ல. உள்ளங்கைச் சுற்றுக்கு 40 கண்ணி என்றால் அதற்கு 14 போதும். உள்ளங்கையில் ஒரு சுற்றுக்கு ஆகும் நூல், அங்கே ஏறக்குறைய மூன்று சுற்று ஓடும். மெல்லிய கோடாக வந்த நிறம் திடீரென்று பட்டையாகிவிடும். அனுபவசாலிகள் உள்ளங்கை நிறத்துக்கு ஒத்துவரும் துண்டு நூலை எடுத்துத் தனியாகப் பின்னுவார்கள். உருவி ஒதுக்கிய மிச்சம் வீணாவதில்லை. குழந்தையின் குல்லாய்க்குக் குஞ்சமாகிவிடும்.