கொலை என்று சொன்ன பாட்டு

(மாணவர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பங்க் இசைன்னு சொன்னா உடனே செக்ஸ் பிஸ்டல்ஸ் பேரைச் சொல்லுவாங்க. கிழிஞ்ச சட்டை, அதுல குத்தின ஊக்கு, லண்டன் துணிக்கடை. அந்தக் கதை போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. நான் பேச வந்தது இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிற சவுத் ஷீல்ட்ஸ் பற்றி. அந்தக் காலத்தில் கப்பலும் நிலக்கரியும்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டன. 1977-இல் அங்கே ஏஞ்சலிக் அப்ஸ்டார்ட்ஸ் என்ற குழு உருவானது. பாடியவர் தாமஸ் மென்ஸ்ஃபோர்த். மென்சி என்றால்தான் தெரியும். வெஸ்டோ சுரங்கத்தில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தவர். கிடார் மோண்ட்.

அப்ஸ்டார்ட் என்பது ஒரு வசவு. கீழே கிடந்தவன் எழுந்து நின்னா, 'நேத்து வரைக்கும் எங்கடா இருந்தே'ன்னு மேலே இருக்கிறவன் கேட்பான் இல்லையா, அந்தக் கேள்வி முழுக்க இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதையே எடுத்துப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஏன் வைத்தார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1978-இல் சொந்த முயற்சியில் வெளிவந்தது. பெயர் 'த மர்டர் ஆஃப் லிடில் டவர்ஸ்'. லிடில் டவர்ஸ் கற்பனைப் பாத்திரம் அல்ல. அதே வடகிழக்குப் பகுதியில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர், பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தவர். 1976 ஜனவரியில் பர்ட்லி என்ற ஊரில் ஓர் இரவு விடுதி வாசலில் போலீஸ் அவரைக் கைது செய்தது. போலீஸ் அடித்ததாகச் சொன்னார். பிப்ரவரியில் செத்துப்போனார்.

அங்கே இப்படிப்பட்ட சாவுக்கு ஜூரி வைத்து மரண விசாரணை நடத்துவார்கள். 1976-இல் வந்த தீர்ப்பு: 'நியாயப்படுத்தத்தக்க கொலை'. கொலைதான், ஆனா நியாயம்! எதிர்ப்பு கிளம்பியது. அந்தத் தீர்ப்பை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1978-இல் மறு விசாரணை. இந்தத் தடவை தீர்ப்பு: 'அசம்பாவிதத்தால் மரணம்'. போலீஸ்காரர் ஒருவர் மீதும் வழக்குப் போடவில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. கட்டம் போட்ட காகிதத்தோடதான் என் பிழைப்பு. ஒரு கட்டத்தில் எந்தச் சொல்லை நிரப்புகிறோமோ, அதற்குப் பிறகு அந்த விஷயம் அதுவாகவே ஆகிவிடும். இரண்டு வருஷத்தில் ஒரே பிணத்துக்கு இரண்டு சொல் எழுதினார்கள். முதல் சொல்லில் கொன்றவன் என்று ஒருத்தனாவது இருந்தான். இரண்டாவது சொல்லில் அவனும் காணாமல் போனான். அந்த இடத்தில் சவுத் ஷீல்ட்ஸ் பையன்கள் மூன்றாவதாக ஒரு சொல்லை வைத்தார்கள். கொலை. அடைமொழி எதுவும் இல்லாத கொலை. 1979-இல் டாம் ராபின்சன் குழுவும் இதே சாவைப் பாடியது. ஆனால் முந்திக்கொண்டு, தலைப்பிலேயே பேரைப் போட்டுச் சொன்னவர்கள் இவர்கள்.

இனி இவர்களுக்குக் கிடைத்த பேருக்கு வருவோம். மேடையில் போலீஸ் தொப்பி மாட்டின பன்றித்தலையை மென்சி காலால் உதைப்பார். இங்கிலீஷில் போலீசைத் திட்டுகிற சொல் பன்றி. பத்திரிகைகளுக்கு அது நல்ல தீனி. பன்றித்தலை ஞாபகம் இருந்தது, டவர்ஸ் மறந்துபோனார்.

அதைவிட மோசமான பேர் பிறகு வந்தது. இவர்கள் பாட்டுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் ஸ்கின்ஹெட் இளைஞர்கள். மொட்டைத்தலை, கனமான பூட்ஸ். அறுபதுகளின் கடைசியில் அந்தத் தோற்றம் பிறந்தபோது ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பின இளைஞர்களின் உடையும் இசையும் அதில் கலந்திருந்தன. எழுபதுகளின் கடைசியில் நேஷனல் ஃப்ரண்ட், பிரிட்டிஷ் மூவ்மெண்ட் போன்ற பாசிசக் கட்சிகள் அந்தக் கூட்டத்துக்குள் ஆள் பிடித்தன. வேலை போச்சா? பக்கத்து வீட்டு ஆசியாக்காரன்தான் காரணம்னு சொல்லிக்கொடுத்தான். 1980-இல் வேலையில்லாதவர்கள் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள். அடுத்த வருஷம் அப்ஸ்டார்ட்ஸ் போட்ட ஆல்பத்தின் பெயரே 'டூ மில்லியன் வாய்சஸ்'.

1981 ஜூலை 3. லண்டனில் பஞ்சாபிகள் நிறைந்த சவுத்ஹால். ஹாம்ப்ரோ டேவர்ன் என்ற மதுக்கடையில் 'ஓய்' வகைக் குழுக்கள் மூன்றின் கச்சேரி. வந்த ஸ்கின்ஹெட்டுகளில் ஒரு பகுதி கடைகளை உடைத்தது, ஆட்களை அடித்தது. அன்றிரவு ஆசிய இளைஞர்கள் திரண்டார்கள். கட்டடம் எரிந்தது. அது தற்காப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1976-இல் குர்தீப் சிங் சாக்கர் என்ற இளைஞர் குத்திக் கொல்லப்பட்ட ஊர் அது.

அந்த மேடையில் அப்ஸ்டார்ட்ஸ் இல்லை. ஆனால் முந்தின வருஷம் வந்த 'ஓய்' தொகுப்பில் இருந்தார்கள். சேறு அவர்கள் மேலும் விழுந்தது. மொட்டை அடிச்ச தொழிலாளி வீட்டுப் பையன் எல்லாரும் பாசிஸ்ட் என்று எழுதுவது சுலபம். அதில் படித்த நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது: நிறவெறி நம்மகிட்ட இல்லை, அந்தக் கீழ்த்தெருவில்தான் இருக்கு!

அதற்காக இவர்களை முழுசாக நியாயப்படுத்த நான் வரவில்லை. 1981-இல் 'இங்கிலாந்து' என்ற பெயரில் நாட்டைப் போற்றி ஒரு பாட்டுப் போட்டார்கள். தேசப்பற்றை வலதுசாரிகளுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது மென்சியின் வாதம். எனக்கு ஒப்புதல் இல்லை. தேசம் என்ற சொல்லின் பொருள் பாடுகிறவன் கையில் மட்டும் இல்லை. அதன் பெயரால் அடி வாங்கியவனிடமும் கேட்க வேண்டும்.

இன்னொரு சாவைச் சொல்லி முடிக்கிறேன். 1979 ஏப்ரல் 23. அதே சவுத்ஹாலில் நேஷனல் ஃப்ரண்ட் கூட்டத்தை எதிர்த்து ஊர்வலம். பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டுச் செத்தார். 1980-இல் மரண விசாரணைத் தீர்ப்பு என்ன தெரியுமா? அதே சொல். 'அசம்பாவிதத்தால் மரணம்'. ஒரு போலீஸ்காரர் அடித்ததாகவே இருக்கும் என்று சொன்ன போலீசின் சொந்த அறிக்கை வெளியே வர 2010 ஆயிற்று.

டவர்ஸுக்கும் பீச்சுக்கும் ஒரே கட்டத்தில் ஒரே சொல். சவுத்ஹாலுக்குப் பஸ் ஏறிப் போன வெள்ளைக்காரத் தொழிலாளிப் பையன் இதைச் சேர்த்துப் படித்திருந்தால், யாரை அடிக்கப் போகிறோம் என்று ஒரு நிமிஷமாவது நின்றிருப்பான். அவன் சேர்த்துப் படித்துவிடக் கூடாது என்பதுதான் பாசிஸ்டுகளின் வேலைத்திட்டம்.

மென்சி அதைப் படித்தவர். கச்சேரியைக் கைப்பற்ற வந்த பாசிஸ்டுகளோடு நேரடியாக மோதினார். 1985-இல் தொடங்கிய பாசிச எதிர்ப்பு நடவடிக்கை அமைப்போடு நின்றார். வெஸ்டோ சுரங்கத்தை 1993-இல் மூடினார்கள். 2021 டிசம்பரில் கொரோனாவில் மென்சி போய்விட்டார்.

இசையாகப் பார்த்தால் பல பாட்டுகள் முரட்டுத்தனமானவை, மூன்று நரம்புக்குள் அடங்கிப்போகிறவை. எனக்கு அது குறையாகப் படவில்லை. லிடில் டவர்ஸ் என்ற பெயர் ஆயிரம் மைல் தாண்டி இந்த அறையில் இன்றைக்கு உச்சரிக்கப்படுகிறது என்றால், அதைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த மரண விசாரணைப் பதிவேடு இல்லை.

கேள்வி இருந்தா கேளுங்க. பேசுவோம்.